குப்பை மலையும் கார்பன் கணக்கும்

தில்லியின் கிழக்கு எல்லையில் காஜிப்பூர் குப்பைமலை நிற்கிறது. 1984இல் திறக்கப்பட்ட அக்கிடங்கு 2002ஆம் ஆண்டிலேயே நிறைந்துவிட்டது. ஆயினும் லாரிகள் ஓயவில்லை. உயரம் அறுபது மீட்டரைத் தாண்டிற்று. 2017 செப்டம்பரில் மலையின் ஒரு பகுதி சரிந்து இருவர் மாண்டனர். 2022இலும் 2024இலும் அது பற்றியெரிந்தபோது அடிவாரத்துக் குடிசைவாசிகள் நச்சுப்புகையைச் சுவாசித்தனர். அழுகும் உணவுக்கழிவு உமிழும் மீத்தேனே இத்தகைய தீக்கு இரை.

அந்த மீத்தேனை உறிஞ்சி மின்சாரம் எடுத்தால் உமிழ்வும் குறையும், வருமானமும் வரும் என்பது இப்போது நகராட்சிகளிடம் விற்கப்படும் மந்திரம். அறிவியலோடு எவருக்கும் பிணக்கில்லை. இருபதாண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைவிட எண்பது மடங்கு வெப்பத்தைத் தேக்குகிறது, எரித்துவிடுவதே மேல். ஆனால் எதிலிருந்து உறிஞ்சுவது? அடியில் தடுப்புப்படலமும் மேலே மூடாக்கும் உள்ள கிடங்குக்கான தொழில்நுட்பம் இது. மூடாத குவியலில் குழாய் இறக்கி வேகமாக இழுத்தால் காற்றும் உள்ளே புகும். வாயு நீர்த்துப்போவதோடு அடியில் தீயும் மூளக்கூடும். மேலும், நம் வெப்பத்தில் உணவுக்கழிவு விரைவில் மக்கிவிடுகிறது. மலையை மூடி, டெண்டர் விட்டு, எஞ்சின் நிறுவுவதற்குள் வாயுவின் பெரும்பகுதி வானேறியிருக்கும்.

கார்பன் சந்தையின் கணக்கு இன்னும் விந்தையானது. ஒன்றுமே செய்யாதிருந்தால் எவ்வளவு மீத்தேன் வெளியேறியிருக்கும் என்பதே அங்கு அடிப்படை. அலட்சியம் எவ்வளவு பெரிதோ, அவ்வளவு பெரிது வரவு! குப்பையை வீட்டிலேயே தரம்பிரிக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு விதிகளே ஆணையிட்டன. அத்தகைய விதிகள் ஏட்டில் உறங்கும்வரைதான் வாயு ஒப்பந்தக்காரருக்கு ஈரக்கழிவு கிடைக்கும். 2021இல் 'குப்பையில்லா நகரங்கள்' என்று முழங்கிய ஒன்றிய அரசு இந்த முரண்பாட்டைப் பற்றி வாய் திறப்பதில்லை.

ஆலப்புழை வேறு வழியில் நடந்தது. 2012 வாக்கில் சர்வோதயபுரம் மக்கள் நகரத்தின் குப்பை லாரிகளை மறித்தனர். இடம் மாற்றிக் கொட்டுவதற்குப் பதிலாக, வீடுகளில் குழாய் உரக்கலன்களும் சாண எரிவாயுக்கலன் போன்ற சிறு கலன்களும் வைக்கப்பட்டன. அங்கும் மீத்தேன் பிடிக்கப்படுகிறது. பிறந்த இடத்திலேயே, அடுப்பில் எரிகிறது. 2017இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு அந்நகரைப் பாராட்டியது. அதே கேரளத்தில் 2023 மார்ச்சில் பிரம்மபுரம் கிடங்கு பல நாள் எரிந்ததையும் இடதுசாரிகள் மறைக்க வேண்டியதில்லை. தரம்பிரிப்பு தளர்ந்த இடத்தில் எவர் ஆட்சியிலும் மலை வளரும்.

காஜிப்பூரில் ஏற்கெனவே குவிந்திருப்பதை மூடுக. எஞ்சிய வாயுவைப் பொதுத்துறையே எடுத்து எரிக்கட்டும். வருமானம் அடிவாரக் குடியிருப்புகளின் குடிநீருக்கும் மருத்துவத்துக்கும் செல்லட்டும். புதிய ஈரக்கழிவு ஒரு லாரிகூட அங்கு ஏறக்கூடாது. கையுறையின்றி அந்த மலையில் குப்பை பொறுக்கும் பெண்களுக்குத் தரம்பிரிக்கும் பணியை நிரந்தர வேலையாக, மாநகராட்சிச் சம்பளத்தோடு வழங்க வேண்டும்.