காலண்டருக்குப் பின்னால் அரவிந்த்சாமி

பையன்களின் சினிமா மோகத்துக்கு நம் ஊரில் மன்றம் உண்டு, கொடி உண்டு, கட்-அவுட் உண்டு, கட்-அவுட்டுக்குப் பாலாபிஷேகமும் உண்டு. மன்றத் தலைவர் நாளடைவில் வார்டு கவுன்சிலர் ஆவதும் உண்டு. பெண் பிள்ளைகளின் மோகத்துக்குக் கிடைத்த இடமெல்லாம் நோட்டுக்கும் பிரவுன் அட்டைக்கும் நடுவே இருந்த சந்துதான்.

1992 ஆகஸ்டில் ‘ரோஜா’ படம் வந்தது. அதன் நாயகன் அரவிந்த்சாமிக்கு அப்போது 22 வயது. வார இதழின் நடுப்பக்க ப்ளோ-அப்பைக் கிழியாமல் எடுப்பது எங்கள் வகுப்பில் தனி வித்தை. ஸ்டேப்ளர் பின்னை நகத்தால் நிமிர்த்தி, தாளை உருவிக்கொண்டு, பின்னைப் பழையபடி மடக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் அப்பா தொடர்கதையைப் புரட்டும்போது பக்கம் பக்கமாக உதிரும். பீரோ கதவில் ஒட்ட அனுமதியில்லை. என் சிநேகிதி வீட்டில் முருகன் காலண்டருக்குப் பின்னால் அரவிந்த்சாமி மூன்று வருஷம் குடியிருந்தார். முருகன் காட்டிக்கொடுக்கவில்லை.

ஏன் அவர்? நிறம், சிரிப்பு எல்லாம் சரி. ஆனால் பையன்கள் விசிலடித்த நாயகர்கள் பத்துப் பேரைப் பந்தாடிக்கொண்டிருந்த காலத்தில், ‘ரோஜா’வில் சுந்தரபாண்டியபுரத்துக்குப் பெண் பார்க்க வந்த அவருடைய ரிஷிகுமார் குரல் உயர்த்தாமல் பேசினார். எங்களில் பலருக்கு வீட்டில் பார்க்கக் கிடைக்காத ஆண் அவர். எட்டு வருஷம் கழித்து ‘அலைபாயுதே’ மாதவன் மீது மயங்கிய தங்கைகளும் அதையேதான் தேடினார்கள் என்று நினைக்கிறேன். மாதவனுக்கு முந்தைய வருஷமே கல்யாணம் ஆகிவிட்டிருந்தது. அது யாருக்கும் பொருட்டாகவும் இல்லை.

“இவளுக்கு அரவிந்த்சாமி மாதிரி மாப்பிள்ளை வேணுமாம்” என்று அத்தைகள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குள் கொஞ்சம் எரிச்சலும் இருந்தது. காட்டுகிற பையனுக்குத் தலையாட்ட வேண்டியவள், தனக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு அளவுகோல் வைத்திருக்கிறாளே!

அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை. 2024 ஜனவரியில் கரூர் மாவட்டத்து எட்டாம் வகுப்பு மாணவிகள் மூவர், பிடிஎஸ் என்ற கொரிய இசைக்குழுவின் ஏழு பாடகர்களைப் பார்க்க வீட்டை விட்டுக் கிளம்பினார்கள். விசாகப்பட்டினம் போய்க் கப்பலேறிக் கொரியா சேருவது திட்டம்; கையில் 14,000 ரூபாய். காட்பாடியில் மீட்கப்பட்டார்கள். போனது ஆபத்துதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு ஏறக்குறைய ஒரு வருஷம் முன்பு, அஜித்தின் ‘துணிவு’ படம் வெளியான அதிகாலையில், சென்னையில் லாரி மேல் ஏறி ஆடிய 19 வயது ரசிகர் விழுந்து உயிரையே விட்டார். மன்றங்களே வேண்டாம் என்று 2011-லேயே கலைத்தவர் அஜித்; அதையும் யாரும் கேட்கவில்லை. கரூர்ப் பிள்ளைகளுக்குக் கவுன்சலிங் கொடுத்தார்கள், நல்லது. தியேட்டர் வாசலில் லாரி ஏறுகிறவர்களுக்கு யாராவது கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

உங்கள் பெண்ணின் போன் கவருக்குள் ஒரு கொரியப் பையன் சிரித்துக்கொண்டிருந்தால் போனைப் பிடுங்காதீர்கள். அந்த ஏழு பேரில் அவன் யார் என்று கேளுங்கள். பெயரைத் தப்பாகவாவது சொல்லிப் பாருங்கள். திருத்துகிற சாக்கிலாவது அரை மணி நேரம் உங்களோடு பேசுவாள்.