முதலில் வைத்தியரா, நிருபரா?

ஒருவரே இரு தொழில்களை மேற்கொண்டால் எத்தொழிலின் தருமம் முந்தும்? கல்லூரி மாணவர் சிலர் இவ்வினாவை அண்மையில் எம்மிடம் எழுப்பினர். அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணம் சஞ்சய் குப்தா. இந்தியப் பெற்றோருக்கு அமெரிக்காவிற் பிறந்த இவர் மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர், அத்துடன் சி.என்.என். தொலைக்காட்சியின் வைத்திய நிருபருமாவார்.

2003 ஆம் ஆண்டு ஈராக் போரிற் செய்தி சேகரிக்கச் சென்ற குப்தா, கடற்படை வைத்தியர்கள் வேண்டிக்கொண்டமையால், தலையிற் காயமுற்ற இரண்டு வயதுக் குழந்தையொன்றுக்குச் சத்திரசிகிச்சை செய்தார். குழந்தை பிழைக்கவில்லை. 2010 சனவரி 12 இல் ஹெயிட்டி நாட்டை நிலநடுக்கம் நொறுக்கியது. அங்கே ஒரு தற்காலிக வைத்திய முகாமிலிருந்து வெளிநாட்டு வைத்தியக் குழுவொன்று பாதுகாப்புக் கருதி இரவில் அகன்றது. குப்தாவும் அவருடைய படப்பிடிப்புக் குழுவினரும் நோயாளருடன் விடியும்வரை தங்கினர். அதனையும் உலகம் தொலைக்காட்சியிற் கண்டது, பலர் போற்றினர். அமெரிக்கப் பத்திரிகையாளர் சங்கமொன்றோ, நிருபர் தாமே செய்தியின் பாத்திரமாகிவிடலாகாது என எச்சரித்தது.

இவ்வெச்சரிக்கையைத் தள்ளிவிடுதல் எளிது. கண்முன்னே உயிர் பிரிகையிற் கைகட்டி நிற்பதா என்று கேட்டால் விவாதம் முடிந்தது. மாணவர் மன்றங்களிற் பரிசு பெறுவதும் பெரும்பாலும் அக்கேள்விதான்! சிகிச்சை அளிக்க வேண்டும் என்பதில் எமக்கும் ஐயமில்லை. எமது ஐயமெல்லாம் படக்கருவியைப் பற்றியது. நூறு பேர் கிடக்கும் முற்றத்தில் எவரை முதலிற் தூக்குவது என்பதைக் காயத்தின் தன்மையே தீர்மானித்தல் வேண்டும். கருவி ஓடிக்கொண்டிருக்கையில், பார்ப்போர் மனத்தை உருக்கும் முகமுடைய குழந்தை முந்திவிடாதென யார் உறுதி கூறுவார்? அன்றியும், நினைவிழந்தவனிடம் படமெடுக்க அனுமதி பெறுதல் இயலாது. நினைவுள்ளவனோ, தன்னைக் காக்க வந்தவரிடம் மறுத்துரைக்கத் துணியான். வைத்தியத்துக்கு நோயாளி, வைத்தியர், மருந்து, உடனிருந்து பேணுவோர் என நான்கு கூறுகளை வள்ளுவர் வகுத்தார். பார்வையாளருக்கு அவர் அங்கே இடம் வைத்ததாகத் தெரியவில்லை.

இவ்வளவும் அயல்நாட்டுக் கதை. இதே வினா எமது மண்ணில் தலைகீழாக எழுந்ததை மாணவர்கள் அறிதல் நன்று. 2008 செப்தெம்பரில் ஐக்கிய நாடுகள் நிறுவனத்தினரும் ஏனைய உதவி நிறுவனத்தினரும் வன்னியை விட்டு வெளியேறுமாறு அரசாங்கம் பணித்தது. சுதந்திரமான நிருபர்கள் உட்செல்ல வழியிருக்கவில்லை. போர் இறுகிய மாதங்களில் அங்கே எஞ்சி நின்ற ஒரு சில அரசாங்க வைத்தியர்களுள் சத்தியமூர்த்தி, வரதராஜா, சண்முகராஜா ஆகியோரும் அடங்குவர். 2009 பெப்ரவரித் தொடக்கத்திற் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை எறிகணைகளுக்கு இலக்காயிற்று. பின்னர் புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் என இடம்பெயர்ந்து, கிடைத்த கட்டடங்களை வைத்தியசாலையாக்கி அவர்கள் கடமையாற்றினர். மருந்து போதவில்லை. காயமுற்றோரிற் சிலரைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பல்கள் ஏற்றிச் சென்றன. ஏனையோர் அங்கேயே கிடந்தனர்.

வெளியுலகிலிருந்து நிருபர்கள் தொலைபேசியில் அழைத்தபொழுது, எத்தனை பேர் கொண்டுவரப்பட்டனர், எத்தனை பேர் இறந்தனர், எம்மருந்து இல்லை என்பனவற்றை இவர்கள் கூறினார்கள். நிருபர் வைத்தியராவதா என்று பிற நாட்டார் விவாதித்தனர். இங்கே, வேறு நிருபர் இல்லாத நிலத்தில், வைத்தியர் நிருபராக நேர்ந்தது. அதற்கு அவர்கள் கொடுத்த விலை சிறிதன்று. மே மாதத்திற் போர் முடிவுற்றபொழுது அவர்கள் தடுத்துவைக்கப்பட்டனர். சூலை மாதம் கொழும்பிற் பத்திரிகையாளர் முன் நிறுத்தப்பட்டு, தாம் கூறிய எண்ணிக்கைகள் புலிகளின் வற்புறுத்தலால் மிகைப்படுத்தப்பட்டவை என்றனர். அவ்வாறு கூறியபொழுது அவர்கள் காவலில் இருந்தனர் என்பதை வாசகர்கள் மனங்கொள்ளல் வேண்டும். ஆகத்து மாதம் பிணையில் விடுவிக்கப்பட்டனர். வைத்தியசாலைகள் மீண்டும் மீண்டும் தாக்கப்பட்டன என்பதை ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழுவின் 2011 ஆம் ஆண்டு அறிக்கையும் பதிவு செய்தது.

செய்தி சொல்லுதல் வைத்தியர் வேலையன்று, அவர்கள் வாய்மூடிச் சிகிச்சையை மட்டும் கவனித்திருக்க வேண்டும் என்று அக்காலத்தில் எம்மிடமே கூறியோர் உளர். நாம் அதனை ஏற்கவில்லை. மயக்க மருந்து இல்லையென்று உலகுக்கு அறிவிப்பதும் மயக்க மருந்தைத் தேடும் வழிகளுள் ஒன்றன்றோ? கட்டிலில் வளர்த்தியவரை எண்ணுதல் எந்த வைத்தியசாலையிலும் நாளாந்தக் கடமை. அவ்வெண்ணைக் கேட்டவருக்குச் சொன்னதனால் அவர்கள் தொழிலை விட்டு வழுவினரெனக் கொள்ளல் தகாது.

எனினும் குப்தாவின் நிலை வேறு. ஹெயிட்டியில் அவரன்றியும் நிருபர்கள் பலர் குழுமியிருந்தனர். அவர் ஒரு நாள் செய்தி சொல்லாதிருந்தால் உலகுக்கு நட்டமில்லை. மூளையைத் திறந்து சிகிச்சை செய்யத் தெரிந்தோரோ அங்கு மிகச் சிலர். ஆதலின் அவர் கையுறையை மாட்டியது சரியே. மாட்டியபின் கருவியை மூடச் சொல்லியிருப்பின் எமது மதிப்பு இன்னும் உயர்ந்திருக்கும். அவர்பக்கமும் ஒரு நியாயம் உண்டு: அப்படங்களைக் கண்டு மனமிரங்கிப் பொருளுதவி செய்தோர் இருந்திருப்பர். ஆயின் அந்த இரக்கத்துக்கு விலையாகத் தன் முகத்தைக் கொடுத்த நோயாளியை எவரும் கேட்கவில்லை.

வன்னி வைத்தியர் மூவருள் சத்தியமூர்த்தி பின்னர் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் பணிப்பாளராகக் கடமையாற்றினார். அவ்வைத்தியசாலையின் விடுதிகளிற் பயிலும் மருத்துவபீட மாணவர் ஒவ்வொருவரின் சட்டைப்பையிலும் இன்று ஒரு படக்கருவி இருக்கின்றது.