அரைப்பேர்

சாதாரண தரத்தில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஏ சித்தி. பெறுபேற்றுத் தாளை நாலாக மடித்து மடியில் செருகிக்கொண்டு அம்மா மலைக்குப் போனாள், கூடக் கொழுந்தெடுப்பவர்களுக்குக் காட்ட. உயர்தரத்துக்கு நான் போய் உட்கார்ந்தது கலைப்பிரிவில்! எங்களுடையது 1சி பாடசாலை, கலையும் வர்த்தகமும்தான். விஞ்ஞானம் வேண்டுமென்றால் டவுனில் உள்ள 1ஏபிக்குப் போகவேண்டும். முதல் பஸ் எங்கள் சந்திக்கு வரும்போது அங்கே முதல் பாடம் முடிந்திருக்கும். விடுதிக் காசா? அதை எங்கம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

அந்த ஏ சித்தியும் பாடசாலை தந்ததல்ல. கணித சேரின் பெயர் எங்கள் ஆளணியில்; ஆள் ‘இணைப்பில்’ டவுன் பாடசாலையில். கேட்டால், உங்களுக்கு வெற்றிடமே இல்லையே என்கிறார்கள் வலயக் கல்வி அலுவலகத்தில். கொழும்புக் கடை வேலையை விட்டு வந்த பக்கத்து லயத்து அண்ணன்தான் இராத்திரியில் சொல்லித் தந்தார். விஞ்ஞானத்தில் நான் கையால் தொட்டது ஒரே ஒரு சோதனைக் குழாய். விளிம்பு உடைந்தது.

தேசியப் பாடசாலைக்கு மத்திய அமைச்சிலிருந்து நேரே காசு. எங்களுக்கு மாகாணம், வலயம் என்று வடிந்து வடிந்து வருகிறது. போதாததற்கு அவர்களுடைய பழைய மாணவர்கள் டாக்டர்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள். எங்களுடையவர்கள் கொழும்புக் கடைகளில் மூட்டை தூக்குகிறார்கள். இலவசக் கல்வி 1945இல் வந்ததாம். தோட்டப் பாடசாலைகளை அரசு கையேற்கவே 1970கள் ஆகிவிட்டன.

இதைவிட வயிறு எரிவது இன்னொன்று. மருத்துவம், பொறியியல் அனுமதியில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. எங்கள் நுவரெலியாவும் பின்தங்கியது. யாரைக் காட்டிப் பின்தங்கியது? எங்கள் லயத்தைக் காட்டித்தானே! விஞ்ஞானப் பிரிவே இல்லாத பாடசாலையிலிருந்து யாரையா அந்த இடத்துக்குப் போவது? எங்கள் இல்லாமையை எழுதிக் கொடுத்து வாங்கியது, அதே மாவட்டத்தில் ஆய்வுகூடம் இருக்கிற பக்கம் போய்ச் சேருகிறது. அந்தப் பிள்ளைகள்மேல் எனக்குக் கோபமில்லை. அங்கே இருந்திருந்தால் நானும் எடுத்திருப்பேன்.

கொழுந்து கிலோ குறைந்தால் எங்கம்மாவுக்கு அரைப்பேர்தான் விழும், அரைநாள் சம்பளம். அட்டை கடித்ததோ, மழை கொட்டியதோ கணக்கில் இல்லை. ஆசிரியரை அனுப்பாதவர்களுக்கும் ஆய்வுகூடம் கட்டாதவர்களுக்கும் எந்தக் கங்காணி அரைப்பேர் போட்டான்?

தங்கச்சி இந்த வருஷம் தரம் 11. இணைப்பில் போன சேர் இன்னும் வரவில்லை. அண்ணனும் திரும்பக் கொழும்புக்குப் போய்விட்டார்.