பேய் வீடும் பார்ப்போர் தீர்ப்பும்

பேய்ப் படம் ஒன்றைப் பார்த்துவிட்டு வருபவரிடம் நாம் கேட்கும் முதற் கேள்வி, "பயமாக இருந்ததா?" என்பதே. "ஆம்" என்றால் படம் நன்று. "இல்லை" என்றால் படம் தீது. சோகக் கதை ஒன்றைக் கண்ணீரின் அளவு கொண்டு மட்டும் மதிப்பிட எவரும் துணிவதில்லை. பேய்ப் படத்துக்கு மாத்திரம் நெஞ்சின் துடிப்பே நீதிபதியாகிவிடுகின்றது. இத்தீர்ப்பு முறை போதுமானதுதானா என்பதை ஆராய, "பீட்சா" என்னும் தமிழ்ப் படம் தக்கதொரு சான்றாகும்.

2012 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வெளிவந்த இப்படம், கார்த்திக் சுப்புராஜ் நெறியாள்கை செய்த முதற் படம். பெரும் பொருட்செலவு இதற்கு இல்லை. கதாநாயகனாக நடித்த விஜய் சேதுபதியும் அந்நாளில் புகழேணியின் கீழ்ப்படியிலேயே நின்றார். உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையாள் ஒருவன் இரவிலே ஒரு பங்களாவுக்குள் அகப்பட்டுக்கொள்கிறான். மின்சாரம் நின்றுவிடுகின்றது. அவன் கையிலுள்ள சிறு விளக்கின் ஒளிவட்டத்துள் விழுவது மட்டுமே நம் கண்ணுக்குத் தெரியும். எஞ்சிய வீடு முழுவதும் இருள். காட்டுவதற்குப் பணம் இல்லாதவன் மறைப்பதற்குக் கற்றுக்கொள்கிறான். மறைக்கப்பட்டதைப் பார்ப்பவனின் மனமே கட்டி முடித்துக்கொள்கின்றது. 2007 இல் அமெரிக்காவிலே ஓரன் பெலி என்பவர் ஏறத்தாழ 15,000 டொலர் செலவில், தம் சொந்த வீட்டையே களமாக்கி எடுத்த "பரானோர்மல் அக்டிவிட்டி" உலகெங்கும் கோடிக்கணக்கில் வருவாய் ஈட்டியதும் இதே உபாயத்தினாலேதான்.

"பீட்சா"வைப் பற்றி எழுந்த கருத்து வேறுபாடு, அதன் இறுதிப் பகுதியிலிருந்து பிறந்தது. பங்களாவில் நடந்தவையாக நாம் கண்டு நடுங்கிய அத்தனையும், அவ்வேலையாள் தன் முதலாளிக்குச் சொன்ன கட்டுக்கதை என்பது பின்னர் வெளிப்படுகின்றது. முதலாளியின் வைரங்களைக் கவர்வதற்காக அவனும் அவன் துணைவியும் புனைந்த கதை அது. "எங்களை ஏமாற்றிவிட்டார்கள்; பேயே இல்லாத பேய்ப் படத்துக்கா இவ்வளவு நடுங்கினோம்?" என்று ஒரு சாரார் சினந்தனர். "ஏமாற்றிய சாமர்த்தியமே படத்தின் சிறப்பு" என்று மறு சாரார் மெச்சினர்.

இரு சாராரும் கவனியாத ஒன்று உண்டு. முதலாளி அக்கதையை ஏன் நம்பினார்? அவர் வீட்டிலேயே, ஆவி பிடித்ததாகக் கருதப்படும் மகள் ஒருத்தி இருக்கின்றாள். அச்சத்துக்கு ஏற்ற நிலம் அங்கே முன்னரே பண்பட்டுக் கிடந்தது. கதை சொன்னவன் விதையை மட்டும் தூவினான். எனவே, இப்படம் பேயைப் பற்றியதன்று. ஒரு கதை எவ்வாறு நம்பப்படுகின்றது, அந்நம்பிக்கையால் இலாபம் அடைபவர் யார் என்பதைப் பற்றியது. ஏமாந்தோம் என்று சினந்தவர்கள் உண்மையில் படத்தின் பொருளைத் தம் உடம்பாலேயே உணர்ந்தவர்கள்.

கல்முனைக் கரையோரத்திலிருந்து நோக்கும்போது இவ்விடயம் மேலும் ஆழமாகின்றது. இங்குள்ள முஸ்லிம் வீடுகளில் இத்தகைய படங்களுக்கு எதிராக எழும் கருத்து கலை பற்றியதன்று, கொள்கை பற்றியது. இறந்தவரின் ஆன்மா பர்ஸக் என்னும் இடைநிலை உலகுக்குரியது. அது வீடு தேடித் திரிவதில்லை. ஜின் என்பது வேறொரு படைப்பு. திருக்குர்ஆனின் 72 ஆவது அத்தியாயம் அப்பெயரையே கொண்டது. ஆகவே, "பேய் இல்லை" என்று ஒரே வாக்கில் இவ்விவாதத்தை முடித்துவிடலாம் என்று பெரியவர்கள் எண்ணுவதுண்டு. கொள்கை தெளிவானதுதான். ஆனால், தெளிவான கொள்கையுடைய ஊரையும் அச்சம் ஆட்கொள்ளும் என்பதை இக்கரை கண்டிருக்கின்றது.

"பீட்சா" வெளிவருவதற்கு ஏறத்தாழ ஓராண்டு முன்னர், 2011 ஓகஸ்டில், "கிறீஸ் பூதம்" என்ற செய்தி கிழக்கின் ஊர்களை உலுக்கியது. உடலெங்கும் கிறீஸ் பூசிய மர்ம மனிதர் இரவிலே பெண்களைத் தாக்குகின்றனர் என்ற பேச்சு ஊர்விட்டு ஊர் தாவியது. இளைஞர்கள் தடியுடன் காவல் நின்றனர். துரத்திச் சென்ற மக்கள் பாதுகாப்புப் படையினரோடு மோதிய நிகழ்ச்சிகள் பொத்துவிலிலும் கிண்ணியாவிலும் நடந்தன. புத்தளத்தில் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் உயிரிழந்தார். இதைக் கல்லாதவரின் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுதல் எளிது. ஆனால், முப்பதாண்டுக் காலப் போர் முடிந்து இரண்டே ஆண்டுகள் கழிந்த வேளை அது. முறையிட்டால் நீதி கிடைக்கும் என்ற நம்பிக்கை மக்களிடம் வேரூன்றியிருக்கவில்லை. படத்தின் முதலாளி வீட்டைப் போலவே, இங்கும் நிலம் பண்பட்டிருந்தது. பூதத்தின் உருவம் கற்பனையாகலாம். அதற்கு உணவளித்த அவநம்பிக்கை கற்பனையன்று.

ஆளற்ற வீடு என்ற காட்சியும் இக்கரையில் விளையாட்டுப் பொருளன்று. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் பொங்கியபோது, அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என வரிசையாகக் கடலோரத் தெருக்கள் அழிந்தன. கதவு தானாக அசையும் காட்சியைக் கண்டு ஒருவர் எழுந்து போய்விட்டால், அவர் பயந்தார் என்றோ ரசனையற்றவர் என்றோ நாம் தீர்ப்புக் கூற முடியாது. அவர் நினைவிலுள்ள கதவு எதுவென்று நமக்குத் தெரியாது. கடல் கொண்டவர்களின் உறவினருக்காக அக்கரைப்பற்றை அடுத்த நுரைச்சோலையில், சவூதி அரேபியாவின் உதவியால் 500 வீடுகள் கட்டப்பட்டன. அவற்றை யாருக்குப் பகிர்வது என்ற வழக்கும் வாதமும் மூண்டதால், பல்லாண்டுகள் அவை ஆள் குடியேறாமல் காடேறிக் கிடந்தன. பேய் புகுந்து காலியான வீடுகள் அல்ல அவை. மனிதர் புகவிடப்படாத வீடுகள்.

ஆகவே, "பயமாக இருந்ததா?" என்னும் கேள்வி தவறானதன்று, ஆனால் அது தொடக்கமே. வகுப்பறையில் மாணவர்கள் இப்படங்களைப் பற்றிப் பேச முற்படுகையில், ஆசிரியர் "பேய் இல்லை" என்று வாயடைப்பதைவிட, மேலும் மூன்று கேள்விகளைச் சேர்த்துவிடலாம். இக்கதையைச் சொன்னவர் யார்? நாம் ஏன் நம்பினோம்? நம்பியதால் எதைப் பார்க்கத் தவறினோம்? திரையில் பழகிய இக்கேள்விகள், வதந்தி தெருவில் வந்து கதவைத் தட்டும் நாளில் பயன்படும்.

"பீட்சா"வின் இறுதிக் காட்சியில், பொய் சொல்லிப் பிழைத்த அவ்வேலையாள் மற்றொரு வீட்டுக்குள் நுழைகின்றான். இம்முறை கதவு உண்மையாகவே மூடிக்கொள்கின்றது. பொய்க் கதை சொல்பவனும் மெய்யான அச்சத்திலிருந்து தப்புவதில்லை. அக்கதவின் ஓசையைக் கேட்டுத் திடுக்கிட்டவர்கள், வீடு திரும்பும் வழியில் அது எதனால் மூடியது என்றும் சற்றே சிந்திப்பார்களாயின், குறைந்த செலவில் எடுத்த அப்படம் தன் கடமையைச் செய்துவிட்டது எனலாம்.