கொயிலை மாற்றச் சொல்லும் கடைக்காரரும் வாயை மூடச் சொல்லும் பெரியவர்களும்

"இலத்திரனியல் சிகரெட்டைப் பற்றி எழுதாதீர்கள், எழுதினால் தெரியாத பிள்ளைக்கும் தெரிந்துவிடும்." இந்த அறிவுரையைப் பாடசாலை அதிபர் ஒருவரும், பள்ளிவாசல் நிர்வாகி ஒருவரும், நான் பெரிதும் மதிக்கும் மூத்த பத்திரிகையாளர் ஒருவரும் வெவ்வேறு சந்தர்ப்பங்களில் எனக்கு வழங்கியிருக்கிறார்கள். மூவரும் நல்லவர்கள். மூவருடைய கருத்தும் பிழையானது. ஏன் பிழை என்பதைச் சொல்வதற்கே இந்தப் பதிவு.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். சிலாபம் தொடக்கம் கற்பிட்டி வரையான எங்கள் கரையோரத்தில் இந்தக் கருவியை அறியாத இளைஞன் இருக்கிறான் என்று நினைப்பது பெரியவர்களின் ஆறுதல் மட்டுமே. மே மாதம் முதல் செப்டெம்பர் வரை தென்மேல் காற்று வீசும் காலத்தில், பட்டத்தைக் கட்டிக்கொண்டு கடலில் சறுக்கி விளையாட வெளிநாட்டவர் கற்பிட்டிக்கு வந்து குவிகிறார்கள். அவர்களில் பலருடைய கையில் இந்தக் கருவி இருக்கிறது. அவர்களை ஏற்றி இறக்குபவன், படகில் கொண்டு செல்பவன், உணவு பரிமாறுபவன் எல்லாம் எங்கள் பிள்ளைகள். அதற்கு மேல் கைத்தொலைபேசி இருக்கிறது. எனவே "தெரிந்துவிடும்" என்ற அச்சம் காலம் கடந்தது. இன்று கேட்க வேண்டிய கேள்வி, யாரிடமிருந்து தெரிந்துகொள்கிறார்கள் என்பதே.

எனக்குத் தெரிந்த லொறிச் சாரதி ஒருவரின் கதையை உதாரணமாகச் சொல்கிறேன். மீன் ஏற்றி இரவிரவாகக் கொழும்புக்கு ஓடுபவர். நாளொன்றுக்குப் பத்துச் சிகரெட். இரண்டாவது குழந்தை பிறந்ததும் அதை விட்டுவிட வேண்டும் என்று உண்மையாகவே விரும்பினார். யாரோ சொன்னதைக் கேட்டு, கொழும்பில் ஒரு கடையில் 'வேப்' கருவி ஒன்றை வாங்கினார். ஒரு வாரம் சந்தோசமாக இருந்தார். பிறகு என்னிடம் வந்து, "நானா, புதுக் கொயில் போட்டு மூணு நாளாகல்ல. இழுத்தா துணி கருகின மாதிரி வருது. தொண்டையெல்லாம் எரியுது" என்றார். கடைக்காரரிடம் கேட்டாராம். "கொயில் பழுது, மாத்துங்க" என்பதே ஒவ்வொரு முறையும் பதில். ஒரு மாதத்தில் ஆறு கொயில் மாற்றினார். கடைசியில் மனிதர் சலித்துப் போய்ச் சிகரெட்டுக்கே திரும்பினார். ஆனால் கருவியையும் எறியவில்லை. இப்போது சட்டைப் பையில் சிகரெட், காற்சட்டைப் பையில் கருவி. ஒன்றை விடப் போனவர் இரண்டோடு நிற்கிறார்.

அந்தக் கருகல் ஏன் வந்தது? கடைக்காரர் சொல்லாததை நான் சொல்கிறேன். இதில் பரம இரகசியம் எதுவும் இல்லை. குப்பி விளக்கு ஏற்றி வளர்ந்த தலைமுறைக்கு இது ஒரு நிமிடத்தில் விளங்கும். விளக்கில் மண்ணெண்ணெய் இருக்கும்வரை எரிவது எண்ணெய். எண்ணெய் வற்றினால் எரிவது திரி. இந்தக் கருவியிலும் அதுவே நடக்கிறது. கொயில் என்பது இரும்பு, குரோமியம் போன்ற உலோகக் கலவையால் ஆன சிறு கம்பிச் சுருள். அதனுள்ளே அல்லது அதைச் சுற்றிப் பஞ்சு. பற்றரி கம்பியைச் சூடாக்குகிறது. பஞ்சு உறிஞ்சி வைத்திருக்கும் திரவம் ஆவியாகிறது. பஞ்சில் ஈரம் இருக்கும்வரை வெப்பத்தைத் திரவம் வாங்கிக்கொள்ளும். ஈரம் வற்றிய கணத்தில் பஞ்சே கருகும். ஒரு தடவை கருகிய பஞ்சு மறுபடி வெள்ளையாகாது. அதன் பிறகு எவ்வளவு திரவம் ஊற்றினாலும் அந்த வாடை போகாது.

பஞ்சு வற்றுவதற்குக் காரணங்களும் சிலதான். புதுக் கொயிலைப் போட்டவுடனே இழுப்பது முதலாவது. பஞ்சில் சில துளிகளை நேரே விட்டு, தாங்கியை நிரப்பி, ஐந்து பத்து நிமிடம் ஊற விட வேண்டும். கொயிலின் மேல் அச்சிட்டிருக்கும் வாட் அளவுக்கு மேல் சூட்டை ஏற்றுவது இரண்டாவது. அடுத்தடுத்து மூச்சு விடாமல் இழுப்பது மூன்றாவது. பஞ்சுக்கு மீண்டும் நனைய அவகாசம் வேண்டும். தாங்கியில் திரவம் துவாரத்துக்குக் கீழே இறங்கிய பின்னும் இழுப்பது நான்காவது. கிளிசரின் அதிகமுள்ள பாகு போன்ற திரவத்தைச் சிறு துவாரமுள்ள கொயிலில் ஊற்றுவது ஐந்தாவது. பாகு பஞ்சுக்குள் இறங்குமுன் கம்பி சூடாகிவிடும்.

ஆறாவது காரணத்தைத் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் வியாபாரத்தின் சூட்சுமம் அதில்தான் இருக்கிறது. எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கேத்தலில் கொதிக்க வைத்தால் சில வாரங்களில் உள்ளே வெள்ளைப் படிவு ஏறுவதைப் புத்தளத்து வீட்டுக்காரர் எல்லோரும் அறிவர். சுண்ணக்கல் பூமி அப்படி. இந்தத் திரவங்களில் பலவற்றில் சுக்ரலோஸ் போன்ற இனிப்பூட்டிகள் கலக்கப்படுகின்றன. திரவம் ஆவியாகும்போது இனிப்பு முழுதாக ஆவியாவதில்லை. கம்பியில் கரும்படிவாக ஒட்டி, சீனிப்பாகு அடிப்பிடிப்பதுபோலக் கருகுகிறது. இனிப்புக் குறைந்த திரவத்தோடு ஒன்றிரண்டு வாரம் உழைக்கும் கொயில், மாம்பழம், பலூடா என்று பெயர் சூட்டப்பட்ட தித்திப்புத் திரவத்தோடு சில நாட்களில் முடிந்துபோகிறது. கருவி ஒரு தடவை விற்கும். கொயிலும் திரவமும் மாதா மாதம் விற்கும். இதை அறிந்த கடைக்காரர் "இனிப்பைக் குறையுங்கள்" என்று ஏன் சொல்லப் போகிறார்?

இங்கே ஒருவர் எழுந்து, "கொயிலை நீண்ட நாள் பாவிக்கும் வழியை அல்லவா சொல்லிக் கொடுக்கிறீர்!" என்று கேட்கலாம். கேட்கட்டும். அந்தக் கருகல் வெறும் ருசிக் கோளாறு அல்ல என்பதைச் சொல்வதற்குத்தான் இத்தனையும் சொன்னேன். கிளிசரின் அளவுக்கு மீறிச் சூடாகும்போது அக்ரோலின் உண்டாகிறது. தாச்சியில் எண்ணெய் கருகும்போது கண்ணையும் தொண்டையையும் அரிக்கும் புகையில் இருப்பதும் அதுவே. கூடவே போமல்டிஹைட்டும் உண்டாகிறது. அது மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004இல் வகைப்படுத்தியது. அமெரிக்காவின் போர்ட்லண்ட் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் ஒரு கருவியை 3.3 வோல்ட்டில் இயக்கியபோது போமல்டிஹைட் தரும் சேர்மங்களைக் காணவில்லை. 5 வோல்ட்டில் இயக்கியபோது கண்டார்கள். அதை மறுத்தவர்கள் சொன்ன வாதம் கவனிக்கத்தக்கது: அத்தனை சூட்டில் வரும் கருகிய ஆவியை எந்த மனிதனும் தாங்கமாட்டான், உடனே நிறுத்திவிடுவான் என்றார்கள். இரு தரப்பையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் முடிவு ஒன்றுதான். கருகல் வாடை ஓர் எச்சரிக்கை. அது வந்தால் அந்த இழுப்பையே நிறுத்த வேண்டும். காசு கொடுத்து வாங்கினேனே என்று கொயில் தீரும்வரை இழுக்கக் கூடாது.

ஆனால் எங்கள் சாரதி இழுத்தார். கடைக்காரர் தந்த இன்னும் இனிப்பான திரவத்தை ஊற்றி, கருகலை மறைத்து இழுத்தார். "கொயிலை மாத்துங்க" என்ற வைத்தியத்தின் மறுபக்கத்தையும் அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வொன்றில், 56 பாவனையாளர்களின் சொந்தக் கருவிகளைச் சோதித்தார்கள். போத்தலில் இருந்த திரவத்தில் மிகக் குறைவாக இருந்த ஈயம், நிக்கல், குரோமியம் போன்ற உலோகங்கள், கொயிலைத் தொட்டு ஆவியாக வெளிவரும்போது கூடியிருந்தன. அடிக்கடி கொயில் மாற்றப்பட்ட கருவிகளில் உலோக அளவு கூடுதலாக இருக்கும் போக்கும் தெரிந்தது. ஆக, பழைய கொயில் கருகும். புதுக் கொயில் உலோகம் தரும். இதைச் சொல்லாமல் விற்பவனை வியாபாரி என்று அழைக்க எனக்கு மனமில்லை.

இனிச் சட்டத்துக்கு வருவோம். புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபைச் சட்டம் 2006இல் வந்தது. 21 வயதுக்குக் குறைந்தவருக்குச் சிகரெட் விற்பதை அது தடுக்கிறது. 2015 முதல் சிகரெட் பெட்டியின் 80 வீதமான பரப்பை எச்சரிக்கைப் படங்கள் பிடித்துக்கொண்டன. 2016இல் வெளியான வர்த்தமானி, மெல்லும் புகையிலைப் பொருட்களோடு இலத்திரனியல் சிகரெட்டையும் தடைப் பட்டியலில் சேர்த்தது. நல்லது. ஆனால் விளைவைப் பாருங்கள். சட்டப்படி விற்கப்படும் சிகரெட் பெட்டியில் மூன்று மொழியிலும் எச்சரிக்கை இருக்கிறது. சட்டத்துக்கு மறைவாகக் கைமாறும் இந்தப் பெட்டியில் தமிழில் ஒரு வரி இல்லை, சிங்களத்திலும் இல்லை. நிக்கோட்டின் எவ்வளவு, சேர்க்கை என்ன, குழந்தை கையில் பட்டால் என்ன செய்வது, எதுவும் இல்லை. தடை செய்துவிட்டோம் என்ற திருப்தியில் அரசு கையைக் கழுவிவிட்டது.

எங்கள் கடலில் பீடி இலை மூட்டைகளைக் கடற்படையினர் கைப்பற்றும் செய்தியை நானே எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். படகு நிறைய வரும் மூட்டையே பாதி தப்பிக் கரையேறுகிறது என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் கருவியையும் விரலளவு போத்தலையும் எந்தக் கடற்படை தடுக்கப் போகிறது? அமெரிக்காவில் நடந்ததை மறந்துவிடக் கூடாது. 2019இல் அங்கே பரவிய நுரையீரல் நோயில், 2020 பெப்ரவரிக்குள் 2,807 பேர் பாதிக்கப்பட்டார்கள். 68 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் கள்ளச் சந்தையில் வாங்கிய கஞ்சாச் சத்துத் திரவத்தில் கலந்திருந்த விற்றமின் ஈ அசிற்றேற் என்ற பொருளையே விசாரணை சுட்டிக்காட்டியது. போத்தலுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாத சந்தை எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

மறுபக்கத்தில் நிற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. "பிரித்தானியாவில் வைத்தியர்களே சிபாரிசு செய்கிறார்கள்" என்று எனக்குப் பாடம் நடத்தும் இளைஞர்கள் உண்டு. உண்மைதான். நிக்கோட்டின் பட்டி, சூயிங்கம் ஆகியவற்றைவிட இக்கருவியால் சிகரெட்டை விட்டவர்கள் அதிகம் என்று கொக்ரேன் மீளாய்வுகள் சொல்கின்றன. அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் அந்த நாட்டில் ஒரு மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் நிக்கோட்டின் கூடாது. பதிவு செய்யாத பொருள் விற்கக் கூடாது. பெட்டிக்குள் விளக்கத் துண்டு இருக்க வேண்டும். அங்கேயும் பிள்ளைகள் கையில் போய்ச் சேர்ந்ததால், ஒரு தடவை பாவித்து எறியும் கருவிகளை 2025 ஜூன் 1 முதல் தடை செய்தார்கள். அங்குள்ள காவலை விட்டுவிட்டுக் கருவியை மட்டும் இறக்குமதி செய்துகொண்டு, "பிரித்தானியா" என்று கொடி பிடிப்பது நேர்மையல்ல. புகைக்காத பதினேழு வயதுப் பிள்ளை எதை விடுவதற்காக இதைப் பிடிக்கிறான்?

அனல்மின் நிலையத்தின் நிலக்கரித் தூசு பற்றி நுரைச்சோலை மக்கள் பல வருடங்களாகக் குரல் கொடுத்து வருகிறார்கள். நியாயமான குரல். வெளியிலிருந்து வரும் தூசுக்கு எதிராகப் பேசும் நாம், பிள்ளைகள் தாமே உள்ளிழுக்கும் ஆவியைப் பற்றி மௌனம் காப்பது எந்த நியாயம்?

என் கோரிக்கைகள் பெரியவை அல்ல. சுகாதாரத் துறையினர் இக்கருவியைப் பற்றித் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்கத் துண்டுப் பிரசுரமாவது வெளியிடட்டும். அதில் "கூடாது" என்ற ஒற்றைச் சொல்லோடு நிற்காமல், உள்ளே என்ன நடக்கிறது, கருகல் எதன் அறிகுறி, திரவம் குழந்தை வயிற்றுக்குள் போனால் எங்கே ஓட வேண்டும் என்பவற்றையும் எழுதட்டும். சிகரெட்டை விட விரும்பும் சாரதியும் மீனவனும் முதலில் போக வேண்டிய இடம் வைத்தியசாலை என்று தெரியும்படி, ஒவ்வொரு பிரதேச வைத்தியசாலையிலும் அதற்கென ஒரு நேரம் ஒதுக்கப்படட்டும். அதிபர்கள் பாடசாலையில் பையைச் சோதிப்பதற்கு முன் பத்து நிமிடம் விஞ்ஞான ஆசிரியரைப் பேச விடட்டும். பள்ளிவாசலிலும் கோயிலிலும் தேவாலயத்திலும் பேசுபவர்கள் நரகத்தை வருணிப்பதோடு நின்றுவிடாமல் அந்தக் கம்பியையும் பஞ்சையும் வருணிக்கட்டும், பிள்ளைகள் கேட்பார்கள்.

இதையெல்லாம் செய்ய விருப்பமில்லையென்றால், தயவுசெய்து எழுதுகிறவனின் வாயையாவது மூடாதீர்கள். நாம் பேசாமல் விட்ட ஒவ்வொரு கேள்விக்கும் கடைக்காரரிடம் ஒரு பதில் தயாராக இருக்கிறது. அந்தப் பதிலுக்கு ஒரு விலையும் இருக்கிறது.