லேபுக்கும் ஒரு 'பாடு' வேண்டும்!



பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பத்தில் பிறந்தவன் நான். சின்ன வயதில் நைனாவோடு படகில் போனபோது ஒருநாள் கேட்டேன்: "அந்த எடத்துல எறா நல்லா விழுதே நைனா, தினமும் அங்கயே வலை போட்டா இன்னா?"

நைனா சிரித்தார். "இன்னிக்கு அது நம்ம பாடு இல்லடா!"

'பாடு' என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். ஏரியில் இறால் பிடிக்கும் இடங்களைச் சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். இந்த முறை நல்ல இடம் கிடைத்தவன் அடுத்த முறை நகர்ந்து கொடுக்க வேண்டும். வலுத்தவன் வளைத்துப் போட முடியாது.

கிரிட் கம்ப்யூட்டிங் பற்றிப் படித்தபோது எனக்கு நைனாவின் குரல்தான் கேட்டது. சிதறிக் கிடக்கும் கம்ப்யூட்டர்களை இணைத்து, ஒரு பெரிய வேலையைத் துண்டு துண்டாகப் பங்கு வைப்பதுதான் கிரிட். நம் நாட்டின் சி-டாக் நிறுவனம் 'கருடா' என்ற பெயரில் 17 நகரங்களின் 45 நிறுவனங்களை இப்படி இணைத்தது.

வயரை இழுத்து இணைப்பது சுலபம். யாருக்கு எப்போது முறை என்று தீர்மானிக்கும் சாஃப்ட்வேர் எழுதுவதுதான் கஷ்டம். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1988 முதல் வளர்ந்து வரும் 'எச்.டி.காண்டார்' சாஃப்ட்வேரைப் பாருங்கள். சும்மா இருக்கும் கம்ப்யூட்டரைத் தேடி வேலை கொடுக்கும். உரியவர் வந்து கீபோர்டைத் தொட்டால் ஒதுங்கிக்கொள்ளும்படி அமைக்கலாம். நேற்று அதிகம் பயன்படுத்தியவரை இன்று வரிசையில் பின்னுக்குத் தள்ளும். இதுவும் ஒரு பாடுதானே? விலையும் கிடையாது!

இனி நம் லேபுக்கு வருவோம். ஏரியின் செயற்கைக்கோள் படங்களில் அலையாத்திக் காட்டைப் பிரித்தறிவது என் புராஜக்ட். ஒரே கம்ப்யூட்டரில் விடிய விடிய ஓட வேண்டும். ஆனால் மாலை ஐந்து மணிக்கு லேபுக்குப் பூட்டு! லேப்டாப் உள்ள நண்பன் வீட்டில் ஓட்டிவிடுகிறான். என்னைப் போன்றவன்? படத்தைக் கட்டம் கட்டமாக வெட்டி லேபின் எல்லா கம்ப்யூட்டருக்கும் கொடுத்தால் சீக்கிரம் முடியுமே!

எல்லா வேலையையும் இப்படி வெட்ட முடியாது என்பது உண்மை. ஒன்றின் விடை வந்தால்தான் அடுத்தது நடக்கும் என்ற கணக்குக்குக் கிரிட் உதவாது. கரண்ட் செலவும் உண்டு. வைரஸ் பயமும் நியாயமானதே. அதற்கெல்லாம் நேரக் கட்டுப்பாடும் அனுமதி முறையும் வைக்கலாம். பூட்டுப் போடுவதா பதில்?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பாட்டிலும் குறை உண்டு. அந்தப் பட்டியலில் பெயர் இல்லாத மீனவர்களுக்கு அந்த இடங்களில் முறையே கிடையாது. ஏரியில் சண்டைகள் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆகவே நம் கிரிட்டில் கம்ப்யூட்டர் துறை மட்டும் பாத்தியதை கொண்டாடக் கூடாது. பாலத்துக்குக் கணக்குப் போடும் சிவில் நண்பனுக்கும், மெக்கானிக்கல் நண்பனுக்கும் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும்.

மாணவர் பேரவை இதை முதல்வரிடம் கொண்டுபோகட்டும். சாஃப்ட்வேரை அமைத்துக் கொடுக்க நாங்கள் தயார். முறை வைத்துப் பகிர்ந்துகொள்ள நைனாவுக்குத் தெரிந்தது, டிப்ளமோ படிக்கும் நமக்குத் தெரியாதா என்ன?

சிந்திப்போம் நண்பர்களே!

– மூன்றாமாண்டு மாணவன், கணினிப் பொறியியல் துறை