சீட்டு இருக்கு, வழி சொல்ல ஆள் இல்லை!
புரோக்கர் வலையில் விழும் கிராமத்து மாணவர்கள்

பிளஸ்-2 ரிசல்ட் வந்ததும் கிராமங்களில் புரோக்கர்கள் நடமாட்டம் ஆரம்பமாகி விடுகிறது. கையில் கலர் நோட்டீசு. "கவுன்சிலிங்குக்கு எதுக்கு அலையறீங்க அண்ணே? அட்வான்சைக் கட்டுங்க, என்ஜினீயரிங் சீட்டு ரெடி" என்று தூண்டில் போடுகிறார்கள். வீட்டில் யாரும் காலேஜ் வாசலை மிதித்ததில்லை. தகப்பனார் நம்பி விடுகிறார். பிள்ளைக்கு வர வேண்டிய பெரிய சலுகை அங்கேயே கைநழுவிப் போகிறது.

எப்படி?

6-ம் வகுப்பு முதல் பிளஸ்-2 வரை அரசு பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. மருத்துவப் படிப்புக்கு 2020-ம் ஆண்டிலும், என்ஜினீயரிங், விவசாயம், சட்டம் போன்ற படிப்புகளுக்கு 2021-ம் ஆண்டிலும் இதற்குச் சட்டம் வந்தது. இதில் இடம் பிடித்தால் படிப்புக் கட்டணமும், விடுதிக் கட்டணமும் அரசு பொறுப்பு. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதற்குத் தனிச் சலுகை.

ஆனால் இரண்டுமே கலந்தாய்வு மூலம் சேருபவர்களுக்குத்தான். மேனேஜ்மெண்ட் கோட்டாவில் சேர்ந்தால் பைசா கிடையாது. புரோக்கர் இதைச் சொல்வாரா? சொன்னால் கமிஷன் ஏது?

கடைசி நேர ஓட்டம்

கலந்தாய்வுக்கு வருபவர்களுக்கும் திண்டாட்டம்தான். சாதிச் சான்று, முதல் பட்டதாரி சான்று எல்லாம் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் ஆபீஸ் என்று சுற்றி வர வேண்டும். ரிசல்ட் வந்த பிறகு இ-சேவை மையத்துக்கு ஓடினால் கடைசி நாள் முந்திக் கொள்கிறது.

அடுத்தது விருப்பப் பட்டியல். 400-க்கும் மேற்பட்ட என்ஜினீயரிங் கல்லூரிகள் இருக்கின்றன. மாணவர் போட்ட வரிசைப்படிதான் கம்ப்யூட்டர் இடம் ஒதுக்கும். நல்ல மார்க் வாங்கிய பிள்ளை, வரிசையை மாற்றிப் போட்டதால் ஏதோ ஒரு கல்லூரியில் போய் விழுகிறது. மாவட்டந்தோறும் கலந்தாய்வு உதவி மையங்கள் திறக்கிறார்கள். அங்கே இலவசமாகவே வழி சொல்வார்கள். இது பலருக்குத் தெரிவதில்லை.

சேர்ந்த பிறகு?

தமிழில் படித்து வந்த பிள்ளைக்கு வகுப்பில் எல்லாம் இங்கிலீஷ். முதல் செமஸ்டரிலேயே அரியர். வெட்கப்பட்டு யாரிடமும் கேட்பதில்லை. சிலர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்கே திரும்பி விடுகிறார்கள். மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டம் மாணவிகளுக்கு 2022-லும், மாணவர்களுக்கு 2024-லும் தொடங்கியது. பஸ்சுக்கும் புத்தகத்துக்கும் அது உதவும். அரியரைத் தீர்க்க, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கும் சீனியர் மாணவர் வேண்டும்.

பிளஸ்-2 படிக்கும்போதே சாதிச் சான்றும், முதல் பட்டதாரி சான்றும் வாங்கி வைக்க வேண்டும். பள்ளிக்கு ஒரு ஆசிரியராவது பட்டியல் போடக் கூடவே இருக்க வேண்டும். இதற்குப் பெரிய செலவு இல்லை.

பட்டணத்தில் வேலை பார்ப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஊரில் அக்கா மகனோ, தம்பி மகளோ பிளஸ்-2 முடித்திருந்தால் இன்றைக்கே ஒரு போன் போட்டுக் கேட்கலாம்: "கவுன்சிலிங்குக்குப் பதிஞ்சாச்சா?"